ஊர்க் கால்வாயை வெட்டுவது யார்?



சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலையில், என் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் குடும்பம் பரம்பரையாகத் தோட்டத்தில் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, லயத்தில் இருந்தவர்களுக்கு மலிவு விலைத் தரைவீடுகள் கிடைத்தன. வீட்டுக்கு முன்னால் சிமெண்டுக் கால்வாய் இருந்தது. கால்வாயில் தண்ணீரும் இருந்தது. தண்ணீர் ஓடத்தான் இல்லை. மழை பெய்தால் வாசற்படி வரை ஏறும். மழை விட்டால் கொசுவுக்குத் தொட்டிலாக நிற்கும். பையன் டெங்கிக் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தான்.

அவனுடைய தாத்தா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அவர் என்னிடம் கேட்டார்: "வாத்தியாரே, தோட்டத்துல இருந்தப்போ லோங்காங் அடைச்சா ஆபீஸ் வாசல்ல போயி நிப்போம். கிராணியார் எழுதிக்குவாரு. துரை ஆள் அனுப்புவாரு, இல்லேன்னா திட்டி அனுப்புவாரு. எப்படியும் ஒரு பதில் கெடைக்கும். இங்க யாரு வாசல்ல போயி நிக்கிறது?"

பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சரித்திரம் கற்பித்தார்கள். சோழர் ஆட்சி முதல் சுதந்திரம் வரை தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு நூல்களைத் தேடிப் படித்தேன், சட்டங்களையும் புரட்டினேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஒரு கால்வாய் வெட்ட வேண்டுமானால் அதை வெட்டலாம் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒருவர் வெட்ட வேண்டும். வெட்டியது சரியா என்று வேறொருவர் பார்க்க வேண்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் அது தோட்டம்; ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துச் செய்தால் அது ஊராட்சி. இப்படிச் சொல்வது சற்று முரட்டுத்தனமான விளக்கந்தான். ஆயினும் என் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்குகிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூர் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் அவ்வூர்ச் சபை தன் விதிகளைக் கோயில் சுவரில் பொறித்து வைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதுவே குடவோலை முறை. அப்படித் தேர்ந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஏரியின் கரையையும் மதகையும் தூரையும் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குழு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ப்பணத்தில் கைவைக்கும் ஆசை இருந்திருக்கிறது. அதற்கு மருந்தும் கண்டிருக்கிறார்கள். முதலில் எழுதிய விதி போதாதென்று இரண்டே ஆண்டில் திருத்தி எழுதினார்கள் என்பதிலிருந்து, மருந்து உடனே வேலை செய்யவில்லை என்றும் ஊகிக்கலாம்.

பெருமை பேசும்போது உண்மையை மறைக்கக்கூடாது. வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது வைத்திருப்பவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், வேதம் கற்றவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருப்பவர் இவர்களுக்குத்தான் அந்தக் குடத்தில் இடம் இருந்தது. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மாரில் பெரும்பாலோர் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஏரியில் மண் சுமந்த கைகளாகத்தான் அவர்களின் முன்னோர் இருந்திருப்பார்கள்.

இனி சிலாங்கூருக்கு வருவோம்.

1881ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகரம் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. அதற்காகச் சூளைகள் எழுந்த இடந்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1890இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. குப்பை அள்ளுவது, கால்வாய் வெட்டுவது, சந்தையைப் பார்ப்பது, தெருவிளக்கு ஏற்றுவது ஆகியவை அதன் வேலைகள். பின்னர் மற்ற ஊர்களுக்கும் இத்தகைய வாரியங்கள் வந்தன. மாவட்ட அதிகாரியே பெரும்பாலும் தலைவர், உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஊரில் செல்வாக்குள்ள வணிகர் ஓரிருவர் இருப்பார்கள். கூலிக்காரர் யாரும் இருந்திருக்கமாட்டார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காஜாங் அப்போது உலு லங்காட் மாவட்டத்தின் தலைமை ஊர். லங்காட் ஆற்றோரம் ஈயமும் காப்பியும் வளர்த்த சிறு பட்டணம். அதன் அருகிலிருந்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நடப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. காப்பியின் விலை சரிந்ததும் ரப்பர் மேலெழுந்தது. ரப்பரோடு நம்மவர் வந்தார்கள். நம்மவரோடு கூடவே காய்ச்சலும் வந்தது.

இங்கே கிள்ளானில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கால்வாயின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் படித்ததில்லை.

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தை வெட்டிக் கட்டிய துறைமுகம் அது. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளரும் அலுவலரும் மலேரியாவில் விழுந்தார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897இல்தான் சான்று கண்டிருந்தார். அந்தப் புதிய அறிவை வாட்சன் நம்பினார். காட்டை வெட்டி, தேங்கிய நீரைக் கால்வாய் வழியே கடலுக்கு விடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. கால்வாய்கள் வெட்டப்பட்டன.

கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் பதிவான இறப்புகள் 582. அவற்றில் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். மறு ஆண்டு, 1902இல், மொத்த இறப்பு 144. காய்ச்சலால் இறந்தவர் 59 பேர். 1903இல் அது 46 ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, 368இலிருந்து 59ஐக் கழிக்கச் சொல்வேன். விடையை எழுதிவிட்டுப் பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அதே வாட்சன் பின்னர் கற்ற பாடமும் முக்கியமானது. கரையோரத் தாழ்நிலத்தில் பலன் தந்த அதே முறை, உள்நாட்டுக் குன்றுப்பகுதித் தோட்டங்களில் எதிர்மாறாக வேலை செய்தது. காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டால், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் வேறொரு வகைக் கொசு அங்கே கிளம்பியது. அங்கெல்லாம் மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை வடிக்க வேண்டியிருந்தது; பிற்காலத்தில் எண்ணெயும் தெளித்தார்கள். ஓர் ஊருக்கு ஏற்ற திட்டத்தை மற்றோர் ஊரில் அப்படியே விரித்துவிட முடியாது. நிலத்தைப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து வரைந்த கால்வாய்க்கு என்ன கதி என்பதற்கு என் மாணவனின் வீட்டு வாசலே சாட்சி.

இந்தக் கால்வாய்களையும் சாலைகளையும் தண்டவாளங்களையும் வெட்டியவர்களில் தமிழர் ஏராளம். பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் அவர்கள் கும்பல் கும்பலாக வேலை செய்தார்கள். தோட்டத்துக்குள் இருந்தவர்களின் நிலை இதினும் வேறு. தோட்டம் தனியார் நிலம். சாலை, தண்ணீர், கால்வாய், வீடு, ஏன் பள்ளிக்கூடமும்கூட முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் வகுத்தது. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் பிறந்தவைதாம் நம் தோட்டப் பள்ளிகளில் பல. வீட்டு வசதிக்கும் பின்னாளில், 1966இலும் 1990இலும், குறைந்தபட்சத் தரச் சட்டங்கள் வந்தன. எனினும் நகரசபையின் குப்பை லாரி தோட்ட வாசலோடு திரும்பிவிடும். மூன்று தலைமுறையாக நம்மவர் ஊராட்சி என்ற ஒன்றோடு பழகாமலே இருந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அறியாமை என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கதவு திறக்காத வீட்டுக்கு வழி தெரியவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

மற்றவர்களுக்குக் கதவு திறந்தது 1950களில். அவசரகாலம் 1948இல் தொடங்கியது. காட்டோரத்தில் இருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். காஜாங்கை ஒட்டிய சுங்கை சுவாவும் அத்தகைய புதுக்கிராமமே. முள்வேலிக்குள் அடைத்த மக்களுக்குத் தங்கள் சந்தையையும் கால்வாயையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையையாவது கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் எண்ணியது. 1952இல் உள்ளூர் மன்றச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே, 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்து நகரசபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே நடந்த தேர்தல்கள் இவை. தீபகற்பம் முழுவதும் சிறிதும் பெரிதுமாக 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் உருவாயின.

அவற்றில் பல மிகச் சிறியவை. கணக்கெழுத ஒரு குமாஸ்தா, குப்பை அள்ள இரண்டு பேர், அவ்வளவே. வரி வராது, வந்தாலும் சம்பளத்துக்கே சரியாகிவிடும். சிலவற்றில் ஊழலும் புகுந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நிகழ்ந்த காலத்தில், 1965 மார்ச்சில், உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி அமைப்புகளின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் மூத்த நேயர்களுக்கு உடனே விளங்கும். குழு 1968இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1971இல் அது வெளியாயிற்று. குறைகளை எல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டு, அதற்குப் பிறகும், ஊராட்சி உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவே வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், தேர்தலுக்குப் பதிலாக நியமனத்தை நிலைப்படுத்தியது. சிறிய மன்றங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. காஜாங்கும் உலு லங்காட் மாவட்ட மன்றத்தின் கீழ் வந்து, 1997 ஜனவரி முதல் நகராண்மைக் கழகம் ஆயிற்று.

இப்போது மண்டோர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். யார் வாசலில் போய் நிற்பது?

171ஆம் சட்டப்படி, ஒரு மன்றத்தில் தலைவரும் எட்டு முதல் இருபத்துநான்கு வரை உறுப்பினரும் இருப்பார்கள். மாநில அரசு அவர்களை நியமிக்கிறது. ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களும் பத்திரிகையாளரும் போய்ப் பார்க்கக்கூடியது. எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அண்மையில்தான் தெரிந்தது.

மன்றத்தின் முக்கிய வருமானம் நாம் 'சுக்காய் பிந்து' என்று சொல்லும் மதிப்பீட்டு வரி. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணித்து, அதில் இத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். மாதம் 500 வெள்ளி வாடகை பெறும் வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வரி ஐந்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 300, அரையாண்டுக்கு 150. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 35 விழுக்காடு. மதிப்பு கூடிவிட்டது என்று அறிவிப்பு வரும்போது, குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். இதோடு கடை உரிமக் கட்டணம், வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை உண்டு. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு மாநிலத்துக்கு மானியம் கொடுக்கிறது. அரசியலமைப்புச் சட்டமே அதைக் கூறுகிறது. புதிய வீடமைப்புப் பகுதி கட்டும் நிறுவனத்திடமிருந்து சாலைக்கும் கால்வாய்க்குமாகப் பெறும் தொகைக்கு, 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனி நிதி ஒன்றும் உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டி, அடுத்த ஆண்டின் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று பட்டியலிட்டுச் சிறப்புக் கூட்டத்தில் நிறைவேற்றி, மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். இது ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும். ஆகவே, நவம்பரில் வெள்ளம் வந்து, டிசம்பரில் நாம் மனுக் கொடுத்தால், அடுத்த ஆண்டின் பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். அந்த வீடமைப்புப் பகுதி மக்களுக்கு நேர்ந்தது இதுதான். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து டிசம்பரில் மனுக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டும் 'ஒதுக்கீடு இல்லை' என்று கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. கடிதம் எழுதிய அலுவலர் பொய் சொல்லவில்லை. எந்த மாதத்தில் மனுக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம் அல்லவா என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு.

பணம் ஒதுக்கிய பிறகு வேலை குத்தகைக்குப் போகிறது. பொறியியல் பிரிவு வரைபடம் போடும். எத்தனை மீட்டர் கால்வாய், எவ்வளவு மண், எவ்வளவு சிமெண்டு என்று அளவுப் பட்டியல் தயாரிக்கும். பொதுப்பணித் துறையின் விலை அட்டவணையைக் கொண்டு மதிப்பீடு செய்யும். மிகச் சிறிய வேலையை நேரடியாகக் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்டதற்குப் பலரிடம் விலை கேட்பார்கள். பெரிய வேலைக்குப் பொது டெண்டர். குத்தகையாளர் எல்லாரும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் ஜி1 முதல் ஜி7 வரை தரம் பெற்றிருக்க வேண்டும். ஜி1 தரத்தார் சிறு வேலைகளை மட்டும் எடுக்கலாம், ஜி7க்கு வரம்பில்லை. ஜி1 தரத்தாருக்கான சில சிறு வேலைகளில், தகுதியுள்ள பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறையும் உண்டு. மலாய்மொழியில் அதற்கு 'சாபுத்தான் உண்டி' என்று பெயர். 'உண்டி' என்ற சொல்லுக்கு வாக்கு என்றும் சீட்டு என்றும் இரண்டு பொருளும் இருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை போக வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அளவுக்கு மீறிக் குறைத்துச் சொன்னவர் பாதியில் போட்டுவிட்டுப் போன கதைகள் எத்தனையோ. அதனால்தான் பெரிய குத்தகைகளில் முன்பணயமாக ஒரு தொகையை வைக்கச் சொல்கிறார்கள். தாமதத்துக்கு நாள்கணக்கில் அபராதம் எழுதுகிறார்கள். வேலை முடிந்த பிறகும் 'குறைநீக்கக் காலம்' என்று சில மாதங்கள் உண்டு. அதற்குள் விரிசல் கண்டால் குத்தகையாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் முடிந்துவிட்டால் செலவு ஊர்ப்பணத்திலிருந்து போகும்.

மூன்றாம் ஆண்டு நாங்கள் மே மாதத்திலேயே உட்கார்ந்தோம். மண்டோர் ஐயா கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றி, பேரனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, கால்வாயை அடி அடியாக மட்டம் பார்த்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கான் வெட்டிய மனிதர். நீர் வெளியேற வேண்டிய கடைக்கோடி, நடுப்பகுதியைவிட மூன்று விரற்கடை உயரமாக இருந்தது. தண்ணீர் எப்படி ஓடும்? வீட்டு எண்களோடு ஒரு படம் வரைந்தேன். எந்த வீட்டெதிரில் எவ்வளவு ஆழம் என்று குறித்தோம். வரி கட்டிய இரசீதுகளின் நகலையும், டெங்கி கண்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் சேர்த்து, முப்பத்தொரு குடும்பங்கள் கையொப்பமிட்டு, வட்டார மன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினோம்.

மறு ஆண்டு ஆகஸ்டில் குத்தகையாளர் வந்தார். ஐயா தினமும் குழாயோடு போய் நின்றார். மேற்பார்வையாளருக்கு முதலில் எரிச்சல். மூன்றாம் நாள் அவரே, "ஐயா, இந்தப் பக்கம் ஒருதடவ பாருங்க" என்று கூப்பிட்டார்.

அடுத்த மழைக்குத் தண்ணீர் வாசல் ஏறாமல் ஓடிற்று. ஒரு வீட்டுக்கு எதிரில் மட்டும் சிமெண்டில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. குறைநீக்கக் காலம் முடிய அப்போது இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அன்றிரவே ஐயா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "காகிதமும் பேனாவும் எடுங்க, வாத்தியாரே" என்றார்.